தேனிரும்புக் கூடும் பழைய முகமும்

நேயர்களுக்கு வணக்கம்.

சுவிட்சர்லாந்தின் வட எல்லையில், ரைன் ஆற்றங்கரையில் அமைந்த ஷாஃப்ஹவுசன் நகரத்தைச் சேர்ந்த ஐ.டபிள்யூ.சி. என்ற கடிகார நிறுவனம், 2023 மார்ச் மாதம் ஜெனீவாவில் நடந்த கண்காட்சியில், தன்னுடைய ‘இன்ஜெனியூர்’ கைக்கடிகாரத்தை 1976ஆம் ஆண்டின் சாயலில் மறுவடிவமைத்து வெளியிட்டது. பழைய கைக்கடிகாரங்களைச் சேர்ப்பவர்கள் நெடுநாளாக எதிர்பார்த்திருந்த வெளியீடு அது. எஃகில் செய்த கடிகாரத்தின் விலை, வெளியானபோது அமெரிக்காவில் 11,700 டாலராக இருந்தது. அந்த மறுவடிவமைப்பு ஒரு சேகரிப்பாளனாகிய எனக்கு ஏன் நிறைவைத் தரவில்லை என்பதைத்தான் இன்று சொல்லவிருக்கிறேன். விலை அதிகம் என்பது எல்லோரும் சொல்லும் குறை. என் மனக்குறை கடிகாரத்தின் மூடிக்கு உள்ளே இருக்கிறது.

இன்ஜெனியூர் முதன்முதலில் 1955இல் வந்தது. பொறியாளர்கள், மின்நிலையப் பணியாளர்கள், ஊடுகதிர்க் கருவிகளின் அருகே நிற்கும் மருத்துவர்கள் போன்றோர் காந்தப்புலத்துக்கு நடுவே வேலை செய்ய வேண்டியவர்கள். சாதாரணக் கடிகாரம் அவர்களுடைய கையில் நிலையாக ஓடாது. ஒரு இயந்திரக் கடிகாரத்தின் உயிர்நாடி, மயிரிழை போன்ற மெல்லிய சுருள்வில். அதில் காந்தம் ஏறிவிட்டால் சுருளின் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வில்லின் நீளம் குறைந்ததுபோல் ஆகி, கடிகாரம் தாறுமாறாக முந்தி ஓடத் தொடங்கும். இதற்கு ஷாஃப்ஹவுசனில் கண்ட வழி எளிமையானது. கடிகார இயந்திரத்தைச் சுற்றித் தேனிரும்பால் ஒரு கூடு கட்டினார்கள்: மேலே டயல், பக்கத்தில் வளையம், கீழே உள்மூடி, மூன்றும் தேனிரும்பு. காந்த விசைக் கோடுகள் இயந்திரத்தைத் தொடாமல் அந்த இரும்பின் வழியாகவே சுற்றிச் சென்றுவிடும். மீட்டருக்கு 80,000 ஆம்பியர் அளவுள்ள காந்தப்புலம்வரை அந்தக் கடிகாரம் தாங்கியது. மீட்டருக்கு 4,800 ஆம்பியர் தாங்கினாலே ‘காந்தத் தடுப்பு’ என்று முத்திரையிட்டுக்கொள்ளலாம் என்று இன்றைய சர்வதேசத் தரவிதியே அனுமதிக்கிறது என்பதை இங்கே சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும்.

அந்தக் கடிகாரத்துக்குப் புதிய முகம் கொடுத்தவர் கடிகார வடிவமைப்பாளர் ஜெரால்ட் ஜென்டா. ஜெனீவாவில் 1931இல் பிறந்து 2011இல் மறைந்த ஜென்டா, ஒடமார் பிகே நிறுவனத்துக்காக 1972இல் ராயல் ஓக், படெக் ஃபிலிப் நிறுவனத்துக்காக 1976இல் நாட்டிலஸ் என்ற எஃகுக் கைக்கடிகாரங்களை வரைந்தவர். அதே 1976இல் வந்த அவருடைய இன்ஜெனியூர் எஸ்.எல். 40 மில்லிமீட்டர் அகலம் கொண்டது. உடலும் செயினும் ஒரே வார்ப்புப் போல் இணைந்தது. அந்தக் காலத்துக் கைகளுக்கு அது மிகப் பெரிது. மின்கலத்தில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரங்கள் சுவிஸ் தொழிலையே ஆட்டங்காண வைத்திருந்த நேரமும்கூட. மொத்தத்தில் விற்றது ஆயிரத்தைக்கூட எட்டவில்லை என்றே சேகரிப்பாளர்கள் கணக்கிடுகிறார்கள். அன்று கடையில் தேங்கிய கடிகாரத்தைத்தான் இன்று ஏலத்தில் போட்டி போட்டு வாங்குகிறார்கள்.

அதன் முகத்தை அருகில் வைத்துப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது, கண்ணாடியைச் சுற்றியுள்ள பெசல் வளையத்தின்மேல் இருக்கும் ஐந்து குழிகள். அவை அலங்காரம் அல்ல. ஊறுகாய்ச் சாடிக்கு மரைமூடி போடுவதுபோல அந்த வளையத்தையே உடலின்மேல் திருகி ஏற்றுவார்கள். திருகும் கருவி பிடித்துக்கொள்வதற்காகத்தான் குழிகள். வளையம் எந்த இடத்தில் இறுகி நிற்கிறதோ அந்த இடத்தில் குழிகளும் நிற்கும். ஆகவே ஒரு கடிகாரத்தில் பன்னிரண்டு மணிக்கு நேராக இருக்கும் குழி, இன்னொன்றில் சற்றே ஒதுங்கியிருக்கும். புதிய பதிப்பில் இதை மாற்றிவிட்டார்கள். பலகோணத் தலை கொண்ட ஐந்து திருகுகள் உண்மையாகவே வளையத்தை உடலோடு பிணைக்கின்றன. எல்லாக் கடிகாரங்களிலும் அவை ஒரே இடத்தில் நிற்கின்றன. சேகரிப்பாளர்களில் பலர் வருந்துவது இதற்குத்தான். எனக்கு இதில் வருத்தமில்லை. குழிக்கு வேலை இருந்தது, திருகுக்கும் வேலை இருக்கிறது. ஜென்டாவின் கோடுகளை விட்டு விலகினாலும் காரணத்தோடுதான் விலகியிருக்கிறார்கள். செயினை உடலோடு சேர்க்கும் மூக்கு போன்ற முனைகளை நீக்கி, நடுவில் ஓர் இணைப்புக் கண்ணியை வைத்ததையும் அப்படியே ஏற்கிறேன். மணிக்கட்டில் அது நன்றாகப் படிகிறது. சாவிக் குமிழின் இருபுறமும் புதிதாக முளைத்திருக்கும் காவல் மேடுகளை மட்டும் என்னால் ரசிக்க முடியவில்லை. அவை அந்த அமைதியான வட்டத்துக்கு ஒரு தோளைச் சேர்த்து, பக்கத்து வீட்டு நாட்டிலஸின் நினைவை வேண்டுமென்றே எழுப்புகின்றன.

நல்லதையும் சொல்லிவிட வேண்டும். டயலின் சிறு சதுரக் கோலத்தைத் தேனிரும்புத் தகட்டிலேயே அச்சாக அழுத்தி, பிறகுதான் மின்முலாம் பூசுகிறார்கள். ஒருமுறை முழுதாகச் சாவி கொடுத்தால் 120 மணி நேரம் ஓடும். வெள்ளிக்கிழமை மாலை கழற்றி வைத்ததைத் திங்கள் காலையில் அப்படியே எடுத்துக் கட்டிக்கொள்ளலாம். உயரம் 11 மில்லிமீட்டருக்கும் குறைவு. சட்டைக் கைக்குள் தங்குதடையின்றி நுழைகிறது.

அந்த மெலிவுக்குக் கொடுத்த விலையைப் பற்றித்தான் என் பேச்சு. உள்ளே தேனிரும்புக் கூடு இருக்கிறது, ஆனால் இப்போது அது தாங்குவது மீட்டருக்கு 40,000 ஆம்பியர். 1955இல் தாங்கியதில் பாதி. அன்றாட வாழ்க்கைக்கு அது போதும் என்று விற்பனையாளர் சொல்வார், பெரும்பாலும் போதும்தான். ஆயினும் நம்மைச் சுற்றியுள்ள காந்தங்களின் எண்ணிக்கை 1955இல் இருந்ததைவிட இன்று எத்தனையோ மடங்கு: கைபேசியின் உறையில், மடிக்கணினியின் மூடியில், கைப்பையின் பூட்டில், காதில் மாட்டும் ஒலிபெருக்கியில். அன்று மின்நிலையத்தில் வேலை செய்பவருக்கு மட்டும் இருந்த தொல்லை இன்று வீட்டுக்கு வீடு இருக்கிறது. அதே காலத்தில் ஒமேகா நிறுவனம் 2013இல் தொடங்கி, 15,000 காஸ், அதாவது மீட்டருக்கு ஏறத்தாழ 12 லட்சம் ஆம்பியர் தாங்கும் கடிகாரங்களை, இரும்புக் கூடே இல்லாமல், சிலிக்கான் சுருள்வில்லைக் கொண்டு செய்து வருகிறது. தேவை கூடியிருக்கிறது, வழியும் பிறந்திருக்கிறது. அந்த வேளையில் காந்தத் தடுப்புக்காகவே பிறந்த ஒரு கடிகாரம் தன் பழைய அளவில் பாதியோடு திரும்பி வருகிறது.

இதைவிட என்னை உறுத்துவது, இதே நிறுவனத்தின் சொந்த வரலாறு. 1989இல் அவர்கள் ஓர் இன்ஜெனியூரை வெளியிட்டார்கள்; அகலம் வெறும் 34 மில்லிமீட்டர்; தாங்கும் காந்தப்புலமோ மீட்டருக்கு 5,00,000 ஆம்பியர். நயோபியமும் சிர்கோனியமும் கலந்த உலோகத்தில் சுருள்வில்லைச் செய்து, கூட்டைக் கனமாக்காமலே அதைச் சாதித்தார்கள். அந்த உலோகக் கலவையை ஒரே தரத்தில் இழுத்துச் சுருட்டுவது பெரும்பாடாக இருந்ததால், சில ஆண்டுகளிலேயே அந்தப் பதிப்பை நிறுத்திவிட்டார்கள். கைவிட்டதற்கு நியாயம் உண்டு. ஆனால் முப்பத்துநான்கு ஆண்டுகள் கழித்து, உலோகவியலும் எந்திரங்களும் இவ்வளவு தூரம் வந்த பிறகு, பழைய காலத்தில் எதைத் தேடிப் போவது என்று அமர்ந்து யோசித்தவர்கள், 1989க்குப் போகாமல் 1976க்குப் போனார்கள். 1976இல் ஏலக்கூடத்தில் விலைபோகும் முகம் இருந்தது. 1989இல் கடினமான ஒரு தீர்வுதான் இருந்தது. ராயல் ஓக்குக்கும் நாட்டிலஸுக்கும் காத்திருப்போர் வரிசை நீண்டுகொண்டே போன அந்த ஆண்டுகளில், ஜென்டாவின் கையெழுத்துள்ள மூன்றாவது எஃகுக் கடிகாரத்தைத் தூசு தட்டி எடுப்பதுதான் வணிகத்துக்கு உகந்த முடிவு. ஒரு கடைக்காரராக நானும் அதையே செய்திருப்பேனோ என்னவோ.

2025இல் வந்த புதிய பதிப்புகள் அந்த வழி எங்கே போகிறது என்பதைத் தெளிவாக்கின. 35 மில்லிமீட்டரில் ஒன்று, கருப்புப் பீங்கானில் 42 மில்லிமீட்டரில் ஒன்று, நிரந்தர நாள்காட்டி கொண்டது இன்னொன்று. மூன்றிலும் பின்மூடி கண்ணாடி. இயந்திரத்தின் அழகை வாங்குபவர் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காக வைத்த கண்ணாடி அது; கண்ணாடி வந்த இடத்தில் தேனிரும்புக் கூடு முழுமையாக மூடி நிற்க வழியில்லை. 35 மில்லிமீட்டர் கடிகாரம் ஓடும் நேரமும் 42 மணியாகச் சுருங்கிவிட்டது. சிறிய மணிக்கட்டு உள்ளவர்களுக்கு அது பொருந்தும் என்பதை மறுக்கமாட்டேன். பலர் விரும்பிக் கேட்டதும் அதுதான். ஆனால் குழிகளின் இடத்தில் திருகுகளையும், சதுரக் கோலத்தையும், செயினின் சாய்வையும் அணுவணுவாகக் காத்தவர்கள், அவையனைத்தும் எதைப் பொதிந்து வைப்பதற்காக வரையப்பட்டனவோ அதை எடுத்துவிட்டார்கள்.

ஷாஃப்ஹவுசனில் என்றாவது ஒருநாள், 1976இன் முகத்துக்குள் 1989இன் சுருள்வில்லை, அல்லது இன்றைய சிலிக்கான் வில்லை வைத்து, எஃகுப் பின்மூடியோடு ஒரு கடிகாரத்தைச் செய்வார்களானால், 11,700 டாலர் அதிகம் என்று நான் முணுமுணுக்கமாட்டேன். அதுவரை, 34 மில்லிமீட்டர் இன்ஜெனியூர் ஏதாவது விற்பனைக்கு வருகிறதா என்று பழைய கடிகாரக் கடைக்காரர்களிடம் விசாரித்துக்கொண்டிருப்பேன். வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.