மோராக்: அடியில் பல் வைத்த பலகை

[காட்சி: பரந்த களம், பரப்பிய கோதுமைக் கதிர்]

எபிரெய பைபிள் முழுக்கத் தேடினாலும் ‘மோராக்’ என்ற சொல் 3 இடத்தில்தான் கிடைக்கும்: 2 சாமுவேல் 24, 1 நாளாகமம் 21, ஏசாயா 41. அதிலும் முதல் இரண்டு ஒரே சம்பவம். பொருள் என்னவோ சாதாரணம்தான், களத்தில் கதிரைப் போரடித்து மணி பிரிக்கிற பலகை.

[காட்சி: பலகையைப் புரட்டிக் காட்டுகிறோம்]

மேலிருந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை. கனமான மரப்பலகைகளைச் சேர்த்து, முன்முனையை மட்டும் மேல்நோக்கி வளைத்திருப்பார்கள், தாளில் குத்தி நிற்காமல் வழுக்கிப் போவதற்காக. புரட்டினால்தான் விஷயமே. அடியில் வரிசை வரிசையாகக் குழிகள். குழிக்குக் குழி சிக்கிமுக்கிக் கல் சில்லு அல்லது கறுத்த எரிமலைக் கல்லை இறுக்கி அடித்திருக்கும். துருக்கி, சைப்ரஸ், ஸ்பெயின் பக்கமெல்லாம் 20ஆம் நூற்றாண்டு வரைக்கும் இதே வடிவம் உழைத்திருக்கிறது. ஸ்பெயினில் கண்டலேஹோ என்ற ஊருக்கு இந்தப் பலகை செய்வதே ஒரு காலத்தில் தொழிலாக இருந்தது.

மாட்டைப் பூட்டி, ஆள் மேலே ஏறி நின்றுகொள்வான். பாரம் போதாவிட்டால் கல்லையும் ஏற்றுவார்கள். சுற்றச் சுற்ற மணி உதிரும், தாளும் துண்டு துண்டாக நறுக்குப்படும். நம் ஊரில் மாடு விட்டுப் போர் மிதித்தால் வைக்கோல் நீளமாகவே மிஞ்சும். இங்கே தீவனத்துக்குத் தனியாக நறுக்க வேண்டியதே இல்லை.

[காட்சி: தேய்ந்த கல் பல், பக்கத்தில் புதுச் சில்லு]

கல் பல் ஓட ஓட மழுங்கும், சில சமயம் கழன்றும் விழும். இதைத் தெரிந்துகொண்டு ஏசாயா 41:15ஐப் படியுங்கள். இஸ்ரவேலைக் கூரான பற்களுள்ள ‘புதிய’ மோராக்காக ஆக்குவேன், மலைகளையே போரடிப்பாய் என்கிறார் கடவுள். அந்தப் ‘புதிய’ சும்மா அலங்காரத்துக்கு வந்ததில்லை. களத்தில் நின்றவனுக்கு அதன் அருமை தெரியும்.

[காட்சி: எருசலேம் குன்று, களம்]

இனி அந்தச் சம்பவம். கொள்ளைநோய் நிற்க வேண்டும், பலி செலுத்த இடம் வேண்டும் என்று எபூசியனான (எருசலேமின் பழைய குடி) அர்வனாவின் களத்துக்கு இஸ்ரவேல் அரசர் தாவீது வருகிறார். அந்த நேரம் அவன் கோதுமை போரடித்துக்கொண்டிருந்தான் என்கிறது நாளாகமம். அங்கே அவன் பெயர் ஒர்னான். பலிக்கு மாடு, விறகுக்கு மோராக், எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறான். அறுவடை நடுவில், வேலையில் இருக்கிற மாட்டையும் பலகையையும்! காய்ந்த கனத்த மரம், நன்றாகவே எரியும். ஆனால் மிச்சக் கோதுமையை எதை வைத்து அடிப்பான்?

தாவீது இலவசமாக வாங்க மறுத்துவிட்டார். களத்துக்கும் மாட்டுக்குமாக 50 வெள்ளிச் சேக்கல் (அந்தக் கால எடை அளவு) என்கிறது சாமுவேல். அந்த இடத்துக்கு 600 பொன் சேக்கல் என்கிறது நாளாகமம். முன்னது களத்தின் விலை, பின்னது குன்று முழுவதற்கும் என்று சமாதானம் சொல்வார்கள். எனக்கு அது கொஞ்சம் இழுத்துப் பிடித்த மாதிரிதான் படுகிறது. நாளாகமக்காரருக்கு அது வெறும் களம் இல்லை. சாலொமோன் ஆலயம் கட்டியது அங்கேதான் என்று 2 நாளாகமம் 3:1இல் அவரே எழுதுகிறார்.