அடுப்படிச் சுவரில் மஞ்சள் கறையா? ஓடு மாற்றும் முன் புகைக்கூண்டின் உச்சியைப் பாருங்கள்!

வணக்கம் மக்களே! உங்கள் வீட்டு அடுப்படிச் சுவரில் மஞ்சளும் பழுப்புமாக ஒரு கறை மேலிருந்து இறங்கியிருக்கிறதா? வெள்ளையடித்தும் அடுத்த மழைக்கு அதே இடத்தில் மறுபடி தலைகாட்டுகிறதா? ஓட்டைப் பிரித்து மாற்றியும் ஒழுகல் நிற்கவில்லையா? அடுத்த செலவில் இறங்குவதற்கு முன் இந்த வீடியோவை முழுதாகப் பார்த்துவிடுங்கள். அந்தக் கறை பெரும்பாலும் மழைத்தண்ணீரோடு புகைக்கரி கலந்து இறங்கிய கறை. கரி எங்கே இருக்கிறது? புகைக்கூண்டுக்குள். அப்படியென்றால் தண்ணீர் பெரும்பாலும் கூண்டின் உச்சியில் மூடியாக இருக்கிற கான்கிரீட் சிலாப் வழியாகத்தான் உள்ளே வருகிறது.

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி எத்தனையோ வீடியோக்கள் இருக்கின்றன. எல்லோரும் முகப்பு, வளவு, ஆத்தங்குடித் தரை, பர்மா தேக்கு என்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பின்கட்டு அடுப்படிக்கு யாரும் கேமராவைக் கொண்டுபோவதில்லை. 2014-இல் இந்தச் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. அந்தப் பெருமையில் கானாடுகாத்தான் முகப்புகளுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, புகையேறிய பின்கட்டுகளுக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்பது என் கருத்து.

சரி, விஷயத்துக்கு வருவோம். விறகடுப்புக்கு மேலே செங்கல்லில் கூண்டு கட்டி, ஓட்டுக்கு மேல் உயர்த்தி, நான்கு மூலையிலும் குட்டித் தூண் நிறுத்தி, அதன் தலையில் ஒரு சிலாப் போடுவது ஒரு வகை. சிலாப்பின் நடுவே குழாய் வைத்துப் புகையை வெளியே விடுவது இன்னொரு வகை. எந்த வகையானாலும் சிலாப்பின் வேலை ஒன்றுதான்: விழுகிற மழையைக் கூண்டின் மேல் படாமல் தள்ளி விட வேண்டும்.

அது ஏன் உடைகிறது? பகலெல்லாம் காரைக்குடி வெயிலில் காய்ந்து விரிகிறது, இரவில் சுருங்குகிறது. ஒரு மீட்டர் நீளக் கான்கிரீட், 30 டிகிரி வெப்ப மாற்றத்துக்கு ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர் நகரும். தினமும் இப்படி நகர்ந்தால் எங்கே பிடிப்பு இருக்கிறதோ அங்கே கீறல் விடும். அந்தக் கீறலில் தண்ணீர் இறங்கி, உள்ளே இருக்கிற இரும்புக் கம்பியைத் தொட்டால் துரு. துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். அது உள்ளிருந்து நெம்பியே கான்கிரீட்டைப் பெயர்த்துவிடும்.

இப்போது சொல்லப்போகிற பகுதிக்காகத்தான் இந்த வீடியோவையே எடுத்தேன். தயவுசெய்து தள்ளி விடாமல் பாருங்கள்.

ஒரு செம்பில் தண்ணீர் எடுத்து வேகமாகச் சாய்த்தால் வீச்சாகப் போய் விழும். அதே செம்பை மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். விளிம்பைத் தாண்டிய தண்ணீர் கீழே விழாது. செம்பின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வயிற்றுப் பக்கமாக வழிந்து உங்கள் கையை நனைக்கும். தண்ணீருக்கு எதையாவது ஒட்டிக்கொண்டு போகிற குணம் உண்டு. சிலாப்பின் ஓரத்திலும் இதேதான் நடக்கிறது. கொட்டுகிற மழையைவிட, இரவு முழுக்கத் தூறுகிற ஐப்பசி மழைதான் அதிகம் படுத்தும். தண்ணீர் மெல்ல ஓரத்துக்கு வந்து, திரும்பி, சிலாப்பின் அடிப்பக்கத்தை ஒட்டிக்கொண்டே நகர்ந்து, கூண்டுச் சுவரைத் தொட்டு இறங்குகிறது. மேலே கீறலே இல்லாத சிலாப்பிலும் இது நடக்கும். அதனால்தான் சிலர் மூன்று தடவை சிமெண்ட் பூசியும் ஒழுகல் நிற்பதில்லை.

இதற்கு மருந்து ஒரு காடி, அவ்வளவுதான். சிலாப்பின் அடிப்பக்கம், ஓரத்திலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தள்ளி, அரை அங்குல அகலம், அரை அங்குல ஆழத்தில் நான்கு பக்கமும் விடாமல் ஓடுகிற ஒரு பள்ளக் கோடு. ஒட்டிக்கொண்டு வருகிற தண்ணீர் அந்தக் காடியின் விளிம்புக்கு வந்ததும் மேலே ஏற வேண்டும். அதனால் முடியாது. அங்கேயே திரண்டு, சொட்டாகிக் கீழே விழுந்துவிடும். மின்சாரம் வேண்டாம், ரசாயனம் வேண்டாம், ஒரு கோடு போதும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத கட்டட வேலை இது!

மழை விட்டதும் உங்கள் ஜன்னல் சன்ஷேடுக்கு அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். காடி இருந்தால் அதற்கு உள்ளே வெள்ளை அப்படியே பளிச்சென்று இருக்கும். ஓரத்தில் மட்டும் கறுப்புப் பாசி. காடி இல்லாத சன்ஷேடில் அந்தக் கறுப்பு சுவர் வரை வரிவரியாக ஓடியிருக்கும். இன்னொரு முக்கியமான விஷயம்: பெயிண்ட் அடிக்கிறவர்கள் காடியைப் பட்டி வைத்து அடைத்துவிடுவார்கள். "அண்ணே, அதை மட்டும் விட்டுவிடுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இனிப் பழுது பார்ப்பது. மேலே ஏறுவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. நாட்டு ஓட்டின் மேல் காலை வைக்காதீர்கள். ஓடும் உடையும், சட்டமும் பழசு. பலகை போட்டு, கயிறு கட்டி, பழகிய கொத்தனார்தான் ஏற வேண்டும். முந்தின நாளே அடுப்பை அணைத்துவிடுங்கள். நடுவில் இருப்பது ஆஸ்பெஸ்டாஸ் குழாய் என்றால் அதை மெஷின் வைத்து அறுக்கவே கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆபத்து.

மேலே போனதும் கொத்தனார் சின்னச் சுத்தியலால் சிலாப்பை அங்கங்கே தட்டுவார். 'டங்'கென்று கெட்டியாகக் கேட்டால் நல்லது. 'பொத்'தென்று கேட்டால் உள்ளே விட்டுப்போயிருக்கிறது. முடி அளவுக் கீறல் என்றால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பாசியையும் கரியையும் கழுவிக் காயவிட்டு, நீண்டு சுருங்கக்கூடிய வாட்டர்ப்ரூஃப் பூச்சை இரண்டு கை அடித்தால் போதும். நகம் நுழைகிற கீறல் என்றால் அதை 'வி' போல வெட்டி அகலப்படுத்தி, தூசியை ஊதிவிட்டு, பியூ (பாலியூரித்தேன்) சீலன்ட் நிரப்ப வேண்டும். கம்பி தெரிகிறது, துண்டாகப் பெயர்கிறது என்றால் யோசிக்காதீர்கள், எடுத்துவிட்டுப் புதுசு போடுங்கள். அதன் மேலேயே கலவையை அப்பச் சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள். மெல்லிய பூச்சு ஒரு கோடை தாங்கினாலே பெரிது.

புதுசு போடும்போது சிலாப் கூண்டுக்கு வெளியே இரண்டு அங்குலமாவது துருத்திக்கொண்டு நிற்க வேண்டும். ஓரத்தில் இரண்டரை அங்குல கனம், நடுவில் அதற்கு மேல். அப்போதுதான் நான்கு பக்கமும் தண்ணீர் வழிந்தோட வாட்டம் கிடைக்கும். சிமெண்ட் ஒன்று, மணல் ஒன்றரை, சின்ன ஜல்லி மூன்று. தண்ணீரை அளந்து ஊற்றுங்கள், கலவை தளதளவென்று இருந்தால் போடுவதற்குச் சுலபம், ஆனால் பிறகு வெடிக்கும். கம்பிக்கு எல்லாப் பக்கமும் ஓர் அங்குலக் கான்கிரீட் மூடியிருக்கட்டும். காடிக்கு என்ன செய்வது? சென்ட்ரிங் பலகையின் மேல் அரை அங்குல மரச்சட்டத்தை எண்ணெய் தடவி ஆணியடித்துவிட்டு அதன்மேல் கான்கிரீட் போட்டால், பலகையைப் பிரிக்கும்போது காடி தானாக வந்துவிடும். குழாய் வைத்த வீடென்றால் குழாயைச் சுற்றி விரல் அகலத்துக்கு இடைவெளி விட்டு, சூடு தாங்கும் சிலிக்கான் சீலன்ட் நிரப்புங்கள். குழாய் சூட்டில் விரியும், அதைக் கான்கிரீட் நெருக்கினால் முதல் கீறல் அங்கேதான்.

அப்புறம் தண்ணீர் விடுவது. நனைத்த சாக்கைப் போர்த்தி, காயவே விடாமல் ஈரத்தில் வைத்திருக்க வேண்டும். கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் பிபிசி சிமெண்ட், அதாவது சாம்பல் கலந்த சிமெண்ட். அதற்குக் குறைந்தது 10 நாள் வேண்டும், நம் ஊர் வெயிலுக்கு 14 நாள். "மூன்று நாள் போதும் தம்பி" என்று யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். சித்திரை, வைகாசிக் கொளுத்தலில் வேண்டாம். ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துவிடுங்கள்.

சிலாப்புக்கு சிமெண்ட் சரி. ஆனால் அதன் கீழே இருக்கிற பழைய செங்கல் கூண்டுக்கு சிமெண்ட் பூசாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். அது சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. உள்ளே போன ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியே வந்துவிடும். மேலே சிமெண்ட் போட்டு அடைத்தால் ஈரம் செங்கல்லுக்குள் தங்கி, உப்புப் பூத்து, செங்கல்லின் முகமே பொரிந்து உதிரும். சுண்ணாம்பிடம் இன்னொரு அதிசயமும் உண்டு. மெல்லிய கீறல் விட்டால், மழையில் கொஞ்சம் சுண்ணாம்பு கரைந்து கீறலுக்குள் போய், காற்றில் இருக்கிற கரியமில வாயுவோடு சேர்ந்து மறுபடி கல்லாகி, அந்தக் கீறலைத் தானே அடைத்துவிடும்! ஆகவே உதிர்ந்த மூட்டுகளைச் சுரண்டிவிட்டு, சுண்ணாம்பும் மணலும் செங்கல் பொடியும் சேர்த்த சாந்தையே வையுங்கள். கடுக்காய் ஊறிய தண்ணீர் விட்டுச் சாந்து குழைக்கத் தெரிந்த பெரிய கொத்தனார்கள் இந்தப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். தேடிப் பிடித்து வேலை கொடுங்கள்.

கேஸ் அடுப்புக்கு மாறிவிட்டவர்கள் கூண்டை முழுதாக அடைத்துவிடாதீர்கள். காற்று போக வழி விட்டு, பறவை நுழையாமல் வலை மட்டும் அடியுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை. ஒரு குடம் தண்ணீரைச் சிலாப்பின் நடுவில் மெதுவாக, தூறல் மாதிரி ஊற்றச் சொல்லிவிட்டு, நீங்கள் கீழே நின்று கூண்டுச் சுவரைப் பாருங்கள். தண்ணீர் காடியில் சொட்டி, சுவர் காய்ந்தே இருந்தால் கொத்தனாருக்குக் கூலியை மனசார எண்ணிக் கொடுக்கலாம். சுவர் நனைந்தால், எந்தப் பக்கம் நனைகிறது என்று போட்டோ எடுத்துக் கமெண்டில் போடுங்கள். எந்த ஊர் வீடு, சுண்ணாம்புக் கட்டா சிமெண்ட் கட்டா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறேன்.