கறுப்புச் சிப்புகளை எண்ணிப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே. பத்து வருஷத்துக்கும் மேலாக ஒரே கம்ப்யூட்டரை ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்காகத்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். பிரௌசரில் நாலு டேப் திறந்தால் மவுஸ் அசைய மாட்டேன் என்கிறது, தெரிந்தவர் யாராவது "ராம் ஏத்திடுங்க சார், சரியாயிடும்" என்கிறார், ராம் என்றால் கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகம், நாமும் கடைக்குப் போய் நாலு ஜிபி ராம் ஒன்று என்று மளிகைச் சாமான் மாதிரி கேட்டு வாங்கி வந்துவிடுகிறோம். மாட்டினால் திரை கறுப்பு. உள்ளேயிருந்து பீப், பீப் என்று சத்தம், சத்தம் போடும் குட்டி ஸ்பீக்கர் உள்ளே இல்லாவிட்டால் வெறும் ஃபேன் மட்டும் சுற்றும்.

உடனே ராம் போச்சு என்று முடிவு கட்ட வேண்டாம். பவர் கார்டைப் பிடுங்குங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ராமின் அடியில் தங்க நிறத்தில் வரிசையாகப் பல் இருக்கும், அதைப் பென்சில் அழிக்கிற ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஸ்லாட்டில் இருக்கிற தூசியை ஊதிவிட்டு, கிளிப் டக்கென்று விழும்வரை அழுத்துங்கள். பழைய ராமை மட்டும் போட்டால் ஓடுகிறதா, புதியதை மட்டும் போட்டால் ஓடுகிறதா என்று தனித்தனியாகப் பாருங்கள். பாதிப் பேருக்கு இங்கேயே வேலை முடிந்துவிடும்.

முடியாத மீதிப் பேருக்குத்தான் நான் சொல்லவந்த கதை. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி. அவரிடம் இருப்பது எல்லாப் பாகத்தையும் மாட்டும் பெரிய பலகை, அதாவது மதர்போர்டு; அதில் பாகங்களை ஒருங்கிணைக்கும் சிப்செட் இன்டெல் ஜி41. 2010 வாக்கில் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணியவர்கள் நிறையப் பேர் வீட்டில் அதுதான் இருக்கும். டிடிஆர்3 என்ற தலைமுறை ராம், இரண்டு ஸ்லாட், அதிகபட்சம் 8 ஜிபி என்று அட்டைப்பெட்டியிலேயே போட்டிருக்கிறது. அண்ணாச்சி புதிதாக 4 ஜிபி டிடிஆர்3 ஒன்று வாங்கி மாட்டினார். ஓடவில்லை. கடைக்குத் திரும்பப் போனார். கடைக்காரர் மேஜையில் இருந்த டெஸ்டிங் போர்டில் சொருகிக் காட்டினார், ஜம்மென்று ஓடியது. "உங்க போர்டுலதான் கோளாறு" என்று அனுப்பிவிட்டார். அண்ணாச்சி வீட்டுக்கு வந்து பழைய ராமைப் போட்டால் போர்டும் ஜம்மென்று ஓடுகிறது! அப்புறம் சண்டைதான், குரல் உயர்ந்து, பில்லைத் தூக்கி மேஜையில் அடித்து, பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் வந்து சமாதானம் பண்ணும் அளவுக்கு.

இதில் வேடிக்கை என்னவென்றால் ராமும் நல்ல ராம், போர்டும் நல்ல போர்டு. சங்கதி எங்கே இருக்கிறது தெரியுமா? ராம் மேல் ஒட்டியிருக்கிற கறுப்புச் சிப்புகளில். பழைய 4 ஜிபி ராமில் ஒரு பக்கம் எட்டு, மறுபக்கம் எட்டு, ஆக 16 சிப் இருக்கும், ஒவ்வொன்றும் 256 எம்பி. பின்னால் வந்த 4 ஜிபி ராமில் ஒரே பக்கம் எட்டுச் சிப்தான், ஒவ்வொன்றும் 512 எம்பி. ஜி41-க்கு அந்த 512 எம்பி சிப்பைக் கையாளத் தெரியாது. மூன்று இலக்கக் கதவு எண்ணோடு பழகிய தபால்காரரிடம் நாலு இலக்க எண் போட்ட கடிதத்தைக் கொடுத்த மாதிரி. சில போர்டு கிளம்பவே கிளம்பாது, சில போர்டு கிளம்பி, 4 ஜிபியை 2 ஜிபி என்று பாதியாகக் காட்டும். கடைக்காரர் மேஜையில் இருந்ததோ எச்61 போர்டு, ஜி41-க்குப் பின்னால் வந்த தலைமுறை. அதற்கு எட்டுச் சிப் ராமெல்லாம் சாதாரணம்.

இப்போதுதான் ரேடியோவைத் திருகினீர்கள் என்றால் மறுபடி சொல்கிறேன்: ஜி41 போர்டுக்கு 4 ஜிபி டிடிஆர்3 வாங்கினால் இரண்டு பக்கமும் சேர்த்து 16 சிப் இருக்க வேண்டும். மேலே தகடு மூடியிருந்து எண்ண முடியாவிட்டால் லேபிளைப் படியுங்கள், 2 ஆர் எக்ஸ் 8 (2Rx8) என்று இருந்தால் 16 சிப், 1 ஆர் எக்ஸ் 8 (1Rx8) என்று இருந்தால் எட்டு. எதுவும் புரியவில்லையா, 2 ஜிபியாக இரண்டு வாங்கிப் போட்டுவிடுங்கள், அதில் பெரும்பாலும் இந்தத் தொல்லை வராது. கடையில் இதைச் சொன்னால் சிலர் "ராம்னா ராம்தான் சார்" என்பார்கள். விடாதீர்கள். ஓடவில்லை என்றால் மாற்றித் தருவேன் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

உங்கள் போர்டு எது என்றே தெரியவில்லை என்றால் சிபியு-இசட் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. போர்டின் பெயர், சிப்செட், இப்போது இருக்கிற ராமின் வகை எல்லாம் காட்டிவிடும். அந்தத் திரையை அப்படியே போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

டிடிஆர்2, டிடிஆர்3 குழப்பமும் உண்டு. இரண்டிலும் 240 பின், நீளமும் ஒன்று, நடுவில் இருக்கிற வெட்டு மட்டும் கொஞ்சம் தள்ளி இருக்கும். உட்காரவில்லை என்றால் பலத்தைக் காட்டாதீர்கள், டிடிஆர்2-க்கு 1.8 வோல்ட், டிடிஆர்3-க்கு 1.5 வோல்ட். இணையத்தில் 4 ஜிபி டிடிஆர்2 அடிமாட்டு விலைக்கு வரும், ஓரத்தில் இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏஎம்டி போர்டுக்கு மட்டும் என்று போட்டிருப்பார்கள், இன்டெல் போர்டுக்காரர்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள். சர்வரிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு ராமும் அப்படித்தான், வீட்டுப் போர்டில் ஓடாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டதாம். 32 பிட் விண்டோஸ் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாக: 8 ஜிபி போட்டும் மூன்று சொச்சம் ஜிபிதான் பயன்படுகிறது என்று காட்டினால் ராம் மேல் பழி போடாதீர்கள், 32 பிட் விண்டோஸால் அதற்கு மேல் பயன்படுத்த முடியாது, 64 பிட் விண்டோஸ் போட வேண்டும். புது ராம் போட்ட அன்றைக்கு மெம்டெஸ்ட்86 என்ற சோதனையை ராத்திரி முழுக்க ஓட விடுங்கள், சிவப்பில் ஒரு வரி வந்தாலும் மறுநாள் காலையிலேயே பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுங்கள். நன்றி, வணக்கம்.