சாதா ஃபோலிக் ஆசிட் போதுமா, ஆக்டிவ்தான் வேணுமா?

வணக்கம்ங்க. நான் மெடிக்கல் ஷாப் கவுன்டர்ல நிக்கிற ஆளு, அங்க இப்போ அடிக்கடி வர்ற கேள்வியிலேருந்தே ஆரம்பிக்கிறேன். "அண்ணா, சாதா ஃபோலிக் ஆசிட் உடம்புல ஒட்டாதாமே, ஆக்டிவ் ஃபோலேட்தான் வாங்கணுமாமே?" புதுசா கல்யாணமான பொண்ணுங்க போனைக் காட்டிக் கேக்குறாங்க.

ஃபோலேட்ங்கிறது ஒரு பி வைட்டமின், ஃபோலிக் ஆசிட் அதோட செயற்கை வடிவம். அது ஒட்டாதுங்கிறது தப்புங்க. கீரை, பருப்புல இருக்கிற ஃபோலேட்டுக்கு ஒரு நீளமான வால் உண்டு, சிறுகுடல்ல அதை நறுக்கினாத்தான் உள்ள ஏறும், அதுலயும் பாதி அளவுதான் நமக்குத் தேறும். ஃபோலிக் ஆசிடுக்கு அந்த வாலே கிடையாது, சாப்பாட்டோட போட்டா 85 சதவீதம், வெறும் வயித்துல போட்டா கிட்டத்தட்ட முழுசுமே ஏறிடும். அப்புறம் உடம்பு அதை மெத்தில் ஃபோலேட்டா மாத்திக்கணும், ஆக்டிவ்ங்கிறது ஏற்கெனவே மாத்தி வச்சது, அதனால மாத்துற வேலை மிச்சம், அது நல்ல விஷயம்தான். இப்படி மாத்துறதுக்கு உதவுற எம்.டி.எச்.எஃப்.ஆர்ங்கிற ஜீன்ல மாற்றம் இருக்கிறவங்களுக்கு அந்த வேலை கொஞ்சம் மந்தமா நடக்கும், ஆனா அவங்களுக்கும் சாதா மாத்திரை வேலை செய்யுது, ரத்தத்துல அளவு கொஞ்சம் கம்மியா இருக்கும், அவ்வளவுதான்.

இந்த இடத்துல லூசி வில்ஸ் அம்மாவைப் பத்திச் சொல்லியே ஆகணும், எனக்கு அவங்க மேல அவ்வளவு மரியாதை. 1928ல இங்கிலாந்துலேருந்து பம்பாய் வந்த டாக்டர். அங்க மில்லுல வேலை பாத்த ஏழைப் பொண்ணுங்க மாசமா இருக்கும்போது ரத்தம் வத்தி வெளுத்துப் போய்க் கிடந்தாங்க. கிருமியா, சாப்பாடான்னு ஒண்ணொண்ணா பாத்தாங்க, அந்தப் பொண்ணுங்க சாப்பிட்ட மாதிரியே குரங்குகளுக்கும் குடுத்துப் பாத்தாங்க, கடைசியில ஈஸ்ட்லேருந்து செய்யிற மார்மைட், ரொட்டியில தடவுற மலிவு சாமான், அதைக் குடுத்ததும் ரத்தம் ஊற ஆரம்பிச்சுச்சு. 1931ல எழுதி வெளியிட்டாங்க. அந்த மார்மைட்டுக்குள்ள இருந்தது ஃபோலேட்தான். பின்னால 1945ல அமெரிக்காவுல ஃபோலிக் ஆசிடை செயற்கையா செஞ்ச குழுவுக்குத் தலைவர் நம்ம மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்ச எல்லாப்பிரகட சுப்பாராவ். விலை கூடினாத்தான் குணம் கூடும்னு நினைக்கிறவங்களுக்கு இந்தக் கதையைத்தான் நான் சொல்லுவேன்.

இன்னொண்ணு சொல்றேன், எந்த மாத்திரைங்கிறதை விட எப்போங்கிறதுதான் முக்கியம். குழந்தையோட முதுகுத்தண்டு, மூளை உருவாகுற குழாய் கரு தரிச்ச 28 நாளுக்குள்ள மூடிடும், பல பேருக்கு அப்போ மாசமா இருக்கிறதே தெரியாது. அதனால குழந்தைக்குத் திட்டம் போடும்போதே தினம் 400 மைக்ரோகிராம் ஆரம்பிச்சிடுங்கம்மா. முந்தின குழந்தைக்கு இந்தக் குழாய் சரியா மூடாத குறை இருந்தவங்களுக்கு 4 மில்லிகிராம் குடுத்து 1991ல வந்த ஆய்வுல, மறுபடி வர்றது 72 சதவீதம் குறைஞ்சுச்சு. அதுல குடுத்தது சாதா ஃபோலிக் ஆசிட்தான்.

நேரம் முடியுதுன்னு சைகை காட்டுறாங்க, பி12 பத்தி நிறைய சொல்ல நினைச்சேன். சுருக்கமா: சுத்த சைவக்காரங்க பி12 அளவையும் பாத்துக்குங்க, ஃபோலேட் மட்டும் போட்டா ரத்தசோகை சரியான மாதிரி தெரியும், நரம்பு பாதிப்பு உள்ளுக்குள்ள நடந்துக்கிட்டே இருக்கும். வலிப்பு மாத்திரை, மெத்தோட்ரெக்ஸேட் எடுக்கிறவங்க டாக்டரைக் கேக்காம எதையும் தொடாதீங்க. நன்றிங்க.