ஜூடி ஹாலிடேயோட குரல்

நேயர்களுக்கு வணக்கம். 1960ல வந்த 'பெல்ஸ் ஆர் ரிங்கிங்'னு ஒரு ஹாலிவுட் பாட்டுப்படம், நல்ல காமெடி, ரேடியோ கேக்குறவங்களுக்கு ரொம்பப் பிடிக்கும், ஏன்னா கதையே குரலை வச்சுதான் ஓடுது.

'எல்லா' (Ella) பீட்டர்சன்னு ஒரு பொண்ணு, நியூயார்க்ல ஆன்சரிங் சர்வீஸ்ல வேலை. ஆள் இல்லாத வீட்டுக்கு வர்ற போனை எடுத்து தகவல் வாங்கி வைக்கணும், அவ்வளவுதான். ஆனா இவ ஒவ்வொருத்தருக்கும் ஒரு குரல் வச்சிருக்கா, குழந்தைக்கு கிறிஸ்துமஸ் தாத்தா, நாடகம் எழுதுற ஹீரோவுக்கு வயசான அம்மா, அவனும் முகம் தெரியாமலே அம்மான்னுதான் கூப்பிடுவான்.

இந்த 'எல்லா'வா நடிச்சது ஜூடி ஹாலிடே. அவங்க சின்ன வயசுல டைரக்டர் ஆர்சன் வெல்ஸோட மெர்குரி தியேட்டர்ங்கிற நாடகக் கம்பெனில நிஜமாவே போன் இணைப்பு குடுக்குற ஸ்விட்ச்போர்டுலதான் உக்காந்திருந்தாங்க. அப்புறம் காம்டன், கிரீன்னு ரெண்டு எழுத்தாளர்களோட சேர்ந்து கிளப்ல காமெடி பண்ணாங்க, அதே ரெண்டு பேர்தான் பின்னாடி இந்தப் படத்துக்கு மூலமான மேடை நாடகத்தை எழுதுனாங்க, இசை ஜூல் ஸ்டைன். 1956ல நியூயார்க் நாடக அரங்குகள் இருக்குற பிராட்வேல ஆரம்பிச்சு 924 ஷோ ஓடுச்சு, ஜூடிக்கு நாடகத்துக்கான டோனி அவார்டும் கிடைச்சது. மேடையில ஹீரோ சார்லி சாப்ளினோட மகன் சிட்னி, படத்துல டீன் மார்ட்டின்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது குதிரைப் பந்தயத்துக்கு பணம் வாங்குற புக்கிகள் வர்ற இடம். இசைத்தட்டு விக்கிற ரெக்கார்ட் கம்பெனின்னு சொல்லிக்கிட்டு சங்கேத வார்த்தையில பந்தயம் கட்டுறாங்க, இசை மேதை பீத்தோவன் பேரைச் சொன்னா பெல்மான்ட் குதிரைப் பந்தய மைதானம்னு அர்த்தம். ஒருநாள் பீத்தோவனோட பத்தாவது சிம்பொனின்னு ஆர்டர் வருது, அவரு எழுதுனது ஒம்பதுதானே, பாவம் யாரோ தப்பா சொல்லிட்டாங்கன்னு இவ நல்ல மனசோட ஒம்பதுன்னு திருத்திடுறா, சங்கேதமே மாறி மொத்த பந்தயமும் போச்சு! அவ குணம் முழுசும் அந்த ஒரு திருத்தத்துல இருக்கு.

படம் மேடை மாதிரியே இருக்குன்னு சிலர் குறை சொல்லுவாங்க, நான் ஒத்துக்க மாட்டேன். டைரக்டர் வின்சென்ட் மின்னெல்லி கேமராவை தள்ளி வச்சு ஜூடியை பாட விட்டாரு, அதனாலதான் அவங்க மேடையில எப்படி இருந்திருப்பாங்கன்னு நமக்கு இன்னிக்கு தெரியுது. அவங்களுக்கு இதுதான் கடைசிப் படம், 1965ல 43 வயசுலயே போயிட்டாங்க.

கிடைச்சா சப்டைட்டிலோட பாருங்க, அந்த பந்தயப் பாட்டு படு ஸ்பீடு, வரி தவறிடுச்சுன்னா பாதி சிரிப்பு போயிடும். வணக்கம்.