500 என்ற எண் எங்கிருந்து வந்தது?

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பள்ளி அறிவியல் கண்காட்சி எதற்குப் போனாலும் தவறாமல் கண்ணில் படுபவை சில உண்டு. கையை நீட்டினால் தானே மூடி திறக்கும் குப்பைத்தொட்டி, கறுப்புக் கோட்டின் மேல் ஓடும் சிறு வண்டி, மண் காய்ந்தால் தானே மோட்டாரை இயக்கிச் செடிக்குத் தண்ணீர் விடும் கருவி. சென்னை ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் இவற்றுக்கான பொருள்கள் ஒரே பெட்டியில் கிடைக்கின்றன. எந்த ஒயரை எங்கே செருக வேண்டும் என்ற படமும், அப்படியே ஏற்றிக்கொள்ள வேண்டிய கணினி நிரலும் கூடவே கிடைத்துவிடுகின்றன. ஒரு மணி நேரத்தில் கருவி ஓடும், பரிசும் கிடைக்கலாம். அந்த ஒரு மணி நேரத்தில் மாணவர் எதையேனும் யோசிக்க நேர்ந்ததா என்பதைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன்.

மத்திய அரசின் கொள்கை அமைப்பான நிதி ஆயோக்கின் கீழ் 2016இல் தொடங்கிய, பள்ளியிலேயே மாணவர்கள் கருவிகளைச் செய்து பார்க்க உதவும் அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டம், ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்காகத் தேர்வான பள்ளிகளுக்கு 20 லட்சம் ரூபாய் வரை நிதி தருகிறது. அரசுப் பள்ளிகளில் ஐந்து ஆண்டுகளுக்குள் இன்னும் 50,000 ஆய்வகங்கள் அமைக்கப்படும் என்று 2025ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள். ஆகவே கருவி இல்லை என்ற குறை மெல்லத் தீரும். கருவியை வைத்துக்கொண்டு வகுப்பில் எதைக் கேட்பது என்பதை நிதி ஒதுக்கீடு தீர்த்துவைக்காது.

அந்தச் செடிக் கருவியையே எடுத்துக்கொள்வோம். மண்ணில் குத்திய இரண்டு உலோகக் கால்களுக்கு இடையே மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை வைத்து, ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கணினிப் பலகை 0 முதல் 1023 வரை ஓர் எண்ணைக் காட்டும். இணையத்தில் கிடைக்கும் நிரல்கள் பலவற்றில் 500ஐத் தாண்டினால் மோட்டாரை இயக்கு என்பதுபோல ஒரு வரி இருக்கும். ஏன் 500 என்று ஆசிரியர் கேட்டுவிட்டால், பாடம் அங்கேதான் தொடங்குகிறது. காய்ந்த செம்மண்ணில் என்ன எண் வருகிறது, களிமண்ணில் என்ன வருகிறது, ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் கழித்து என்ன வருகிறது என்று பிள்ளைகளே அளந்து, நோட்டில் எழுதி, தங்கள் பள்ளித் தோட்டத்துக்குரிய எண்ணைத் தாங்களே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. எண் கூடினால் மண் ஈரமா, வறண்டதா என்பதுகூட வாங்கிய சென்சாரைப் பொறுத்து மாறும் என்பதால், அதையும் சோதித்துத்தான் அறிய முடியும்.

ஒரு வகுப்பில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருவர், ஒரே அளவு தண்ணீரை இரண்டு தொட்டிகளில் ஊற்றி, ஒன்றில் மட்டும் உப்பைக் கலந்துவிட்டார். உப்புத் தொட்டியில் ஈரம் கூடுதலாகக் காட்டியது. “அப்ப இது ஈரத்தை அளக்கலையா சார்?” என்று கேட்டார். கருவி சொல்வதற்கும் உண்மையில் இருப்பதற்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு என்பதை இதைவிட நன்றாக என்னால் விளக்கியிருக்க முடியாது. உரம் போட்ட மண்ணில் என்ன ஆகும் என்ற அடுத்த கேள்வியை வகுப்பே கேட்டுக்கொண்டது.

படைப்பாற்றலும் இப்படிப்பட்ட முட்டுக்கட்டையில்தான் வெளிப்படுகிறது. எந்நேரமும் மின்சாரம் பாய்ந்துகொண்டிருந்தால் ஈரமண்ணில் அந்த உலோகக் கால்கள் சீக்கிரமே அரித்துப்போகும். அளக்கும் நொடியில் மட்டும் மின்சாரம் கொடுத்தால் போதுமே என்று ஒரு குழு நிரலை மாற்றும். இன்னொரு குழு தேய்ந்த கால்களுக்குப் பதிலாகப் பழைய பென்சிலின் கரிக்குச்சியை வைத்துப் பார்க்கும். பெட்டியோடு வந்த படத்தில் இவை எதுவும் இராது.

1967இல் கணினி அறிஞர் சீமோர் பேப்பர்ட்டும் அவருடைய சகாக்களும் குழந்தைகளுக்காக லோகோ என்ற நிரல்மொழியை உருவாக்கினார்கள். பின்னாளில் திரையில், கட்டளைக்கேற்ப நகர்ந்து கோடு போடும் ‘ஆமை’ என்ற சிறு குறி ஒன்றை நகர்த்தி வீடு வரையச் சொன்னால், பிள்ளைகள் சதுரத்தையும் முக்கோணத்தையும் சரியாகவே எழுதியிருப்பார்கள்; ஆனால் கூரை சுவருக்குள் போய் விழும். பேப்பர்ட் அதை மதிப்பெண் குறைக்க வேண்டிய தவறாகக் கொள்ளவில்லை. ஆமை எந்த இடத்தில் எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்று பிள்ளையைத் தேடவைக்கும் வாய்ப்பாகக் கண்டார். நாற்பது நிமிடப் பாடவேளைக்குள் ஓடும் மாதிரியைக் காட்டியாக வேண்டும் என்று நெருக்கினால், அந்தத் தேடலுக்கு நேரமே இராது. கண்காட்சிக்கு முந்தின இரவு அப்பாக்கள் உட்கார்ந்து ஒயர் இணைப்பதும் இந்த நெருக்கடியால்தான்.

நிரலை இன்று செயற்கை நுண்ணறிவுச் செயலிகளே எழுதித் தந்துவிடும், பிறகு மாணவர் யோசிக்க என்ன இருக்கிறது என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். உங்கள் பள்ளித் தோட்டத்து மண்ணில் அந்தச் சென்சார் காட்டும் எண் எந்தச் செயலிக்கும் தெரியாது. அங்கே போய்க் குத்திப் பார்க்கத்தான் வேண்டும். ஆகவே மதிப்பீட்டில் பாதி மதிப்பெண்ணையாவது அளவீட்டு நோட்டுக்குக் கொடுங்கள் என்பதே ஆசிரியர்களிடம் நான் கேட்டுக்கொள்வது. கண்காட்சிக்கு நடுவராகப் போகிறவர்கள், இந்தக் கருவி எந்தச் சூழ்நிலையில் தப்பான விடை தரும் என்று மாணவரிடம் ஒருமுறை கேட்டுவிட்டுப் பிறகு பரிசை முடிவுசெய்யலாம்.

நன்றி, வணக்கம்.