100 வாட்ஸ் ரிசீவரில் நீங்கள் கேட்பது வெறும் 1 வாட்!

வணக்கம் நண்பர்களே! ஹோம் தியேட்டர் ரிசீவரை விற்றுவிட்டுத் தனி பவர் ஆம்ப், அதாவது ஸ்பீக்கருக்குப் பவர் கொடுக்கும் தனிப் பெட்டி வாங்கலாம் என்று யாராவது ஆசை காட்டினார்களா? பர்ஸை உள்ளே வையுங்கள், முதலில் இதைப் பாருங்கள்.

பின்னணியைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். ஏவி ரிசீவர் ஒரு கூட்டுக்குடும்பம். டிவியை இணைக்கும் எச்டிஎம்ஐ, படத்தின் சரவுண்ட் ஒலியைப் பிரித்தெடுக்கும் டால்பி, டிடிஎஸ் டீகோடிங், ஏழு ஸ்பீக்கருக்குப் பவர் என்று எல்லாம் ஒரே பெட்டிக்குள். ரேடியோவும் உண்டு, ரிசீவர் என்ற பெயரே அதனால்தான் வந்தது. செப்பரேட்ஸ் தனிக்குடித்தனம். இணைப்பும் டீகோடிங்கும் பார்க்கும் ப்ராசசர் ஒரு பெட்டி, பவர் ஆம்ப் ஒரு பெட்டி. செலவும் தனிக்குடித்தனச் செலவுதான்.

சரி, வாட்ஸ் கதைக்கு வருவோம். பழைய டேப் ரெக்கார்டர்களில் '1000 வாட்ஸ் பிஎம்பிஓ' என்று, விளம்பரத்துக்காக ஊதிப் பெருக்கிய எண்ணோடு ஸ்டிக்கர் மின்னுமே, ஞாபகம் இருக்கிறதா? உள்ளங்கை அளவு ஸ்பீக்கரில் ஆயிரம் வாட்! ரிசீவர் அட்டைப்பெட்டி அந்த அளவுக்குப் பொய் சொல்லாது. ஆனால் பொடி எழுத்தைப் படியுங்கள்: 6 ஓம் (ஸ்பீக்கரின் மின்தடை, இது குறைந்தால் ஆம்பிலிருந்து அதிக மின்சாரம் இழுக்கும்), 1 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே ஒரு சுருதி, 10% டிஸ்டார்ஷன், அதாவது ஒலிச் சிதைவு, ஓடுவது ஒரே ஒரு சேனல், அதாவது ஒரே ஒரு ஸ்பீக்கர். அதே பெட்டியை 8 ஓமில், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனலும் ஓட அளந்தால் எண் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஏழு சேனலும் ஓடினால் இன்னும் இறங்கும், ஏனென்றால் எல்லோருக்கும் சோறு போடுவது ஒரே பவர் சப்ளை. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் போர்டு வாங்கி ஆம்ப் அசெம்பிள் செய்கிறவர்கள் ஸ்டிக்கரைப் பார்க்கவே மாட்டார்கள். பவர் சப்ளையின் டிரான்ஸ்ஃபார்மரைக் கையில் தூக்கி, கனமாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதுதான் சரியான பழக்கம்.

அப்படியானால் செப்பரேட்ஸ்தானே நல்லது? பொறுங்கள், எனக்குப் பிடித்த கணக்கு இனிமேல்தான் வருகிறது.

உங்கள் ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி 88 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் என்று அர்த்தம். சோபா 3 மீட்டர் தள்ளி இருக்கிறது. சுமார் 9 டெசிபல் போனாலும் மிச்சம் 79. நாம் சாதாரணமாகப் பேசுவது 60 சொச்சம்தான். அதாவது ஒரே ஒரு வாட்டில் படம் ஓடும்போதே, அம்மா சமையலறையிலிருந்து "சத்தத்தைக் குறைடா" என்பார்!

பவரை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபல். 100 வாட் ஆம்பை மாற்றி 200 வாட் வாங்கினாலும் அதே 3 டெசிபல்தான். வால்யூம் குமிழை லேசாகத் திருகினால் வருகிற வித்தியாசம். காதுக்கு இரு மடங்கு சத்தமாகத் தெரிய வேண்டுமானால் பத்து மடங்கு பவர் வேண்டும்.

ஆனால் இதே கணக்கு மறுபக்கமும் கடிக்கும். தியேட்டர் அளவுகோல்படி ஒரு சேனலின் உச்சம் 105 டெசிபல். 79இலிருந்து 105க்கு ஏற 400 வாட் வேண்டும்! பெரிய ஹால், 4 ஓம் ஸ்பீக்கர், தியேட்டர் சத்தம் என்று மூன்றும் சேர்ந்தால் பவர் ஆம்ப் வாங்குங்கள், நான் தடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தடுப்பார்.

மற்றவர்களுக்கு என் கட்சி இது: ப்ரீ-அவுட், அதாவது வெளி ஆம்பை இணைக்கும் துளை உள்ள ரிசீவர் வாங்குங்கள், மிச்சப் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள். பின்னாளில் பவர் போதவில்லை என்றால் முன்பக்க மூன்று ஸ்பீக்கருக்கு மட்டும் ஒரு ஆம்ப் சேர்த்துக்கொள்ளலாம். ஆம்ப் இருபது வருடம் உழைக்கும். எச்டிஎம்ஐ பகுதிதான் சீக்கிரம் பழசாகும்.

அப்புறம் என் மானம் போன கதை. என் ரிசீவர் சண்டைக் காட்சி வந்தாலே 'ப்ரொடெக்ட்' என்று காட்டி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்துவிடும். பவர் போதவில்லை என்று முடிவு செய்து ஆம்புக்கு அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்பினேன். கிளம்பும் முன் ஷோகேஸைத் திறந்து கை வைத்தேன், தோசைக்கல் மாதிரி சுட்டது. மேலே காற்றுத் துளைகளை முழுக்க மூடி, நான்காக மடித்த பூப்போட்ட துணி. தூசி படியாமல் இருக்க அம்மா விரித்தது. துணியை எடுத்து, ஷோகேஸின் பின்பலகையைக் கழற்றினேன். இரண்டு வருடமாக ஒருமுறைகூட அணையவில்லை.

வீடியோ பிடித்திருந்தால் ஒரு லைக். உங்கள் ரிசீவர் தலைமேல் என்ன இருக்கிறது என்று இப்போதே போய்ப் பார்த்து கமென்ட்டில் சொல்லுங்கள். கொலு பொம்மை என்று ஒருவராவது எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.